கொட்டாஞ்சேனை: வீதியும் விழாவும்

கொழும்பு மாநகரின் சரித்திரத்தைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் கோட்டையிலே தொடங்கிக் கறுவாத் தோட்டத்திலே முடித்துவிடுவர். ஆட்சியாளர் வாழ்ந்த இடங்களே சரித்திரம் நிகழ்ந்த இடங்கள் என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருப்பதே இதற்குக் காரணம். துறைமுகத்தின் வடகிழக்குப் புறத்தில், மேடும் பள்ளமுமாய், ஒடுங்கிய தெருக்கள் நெருங்கிக் கிடக்கும் கொட்டாஞ்சேனைப் பக்கம் அவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆயினும், பல சமயத்தார் ஒரே தெருக்களைத் தலைமுறை தலைமுறையாகப் பங்கிட்டு வாழ்வது எவ்வாறு, அப்பங்கீடு தவறும்போது விளைவது யாது என்று அறிய விரும்புவோர்க்கு இப்பகுதி ஒரு நல்ல பாடநூல்.

அப்பாடநூலைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. இங்குள்ள பழைய ஆலயங்களைத் தனியாகவும், அவற்றில் ஆண்டுதோறும் நிகழும் விழாக்களைத் தனியாகவும் நோக்கினால் பொருள் விளங்காது. கட்டடம் நிலைத்து நிற்பது. விழா வீதியிலே நடந்து செல்வது. வீதியோ எல்லார்க்கும் பொது. ஆதலால் விழா புறப்படும்போதெல்லாம் ஒரு சாரார் மற்றொரு சாரார்க்கு வழிவிட வேண்டியிருக்கிறது. இந்த வழிவிடுதலின் வரலாறே கொட்டாஞ்சேனையின் வரலாறு எனலாம்.

கொட்டாஞ்சேனை என்னும் பெயரின் ஈற்றிலுள்ள 'சேனை' காடு வெட்டிப் பயிரிட்ட நிலத்தைக் குறிக்கும் சொல். ஒரு காலத்தில் இது நகருக்குப் புறம்பான நாட்டுப்புறமாய் இருந்தது என்பதை அச்சொல்லே காட்டுகிறது. 1656 ஆம் ஆண்டு மே மாதத்திலே போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தம் அலுவலகங்களையும் பண்டசாலைகளையும் கோட்டை மதிலுக்குள் அமைத்துக்கொண்டனர். மதிலுக்கு வெளியே புறக்கோட்டை வளர்ந்தது. அதற்கும் அப்பாலுள்ள மேட்டிலேயே அவர்கள் தம் பெருங்கோயிலை எழுப்பினர். அதுவே இன்று வுல்பெண்டால் தேவாலயம் என வழங்குவது.

'வுல்பெண்டால்' என்பது ஒல்லாந்த மொழியில் 'ஓநாய்ப் பள்ளத்தாக்கு' எனப் பொருள்படும். இலங்கைக் காடுகளில் நரியுண்டு, ஓநாய் இல்லை. அங்ஙனமாயின் இப்பெயர் வந்தது எவ்வாறு? போர்த்துக்கேயர் காலத்தில் அவ்விடத்தில் குவாதலூப்பே மாதாவுக்கு ஒரு கோயில் இருந்ததென்றும், அப்பெயர் மக்கள் வாயிலே சிதைந்து, ஓநாயைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லைப் போல் ஒலித்ததென்றும், ஒல்லாந்தர் அதனைத் தம் மொழியிலே பெயர்த்துக்கொண்டனர் என்றும் கூறுவர். அக்கூற்று மெய்யாயின், ஒரு சமயப் பிரிவினரின் மாதா பெயர் மற்றொரு பிரிவினரின் கோயிலுக்குள் மறைந்து கிடக்கிறது என்று கொள்ளலாம்.

இத்தேவாலயத்தின் வேலை தேசாதிபதி ஸ்ரைன் வான் கொலெனெஸ் காலத்தில், 1749 இல் தொடங்கியது. அவருடைய பெயரின் முதலெழுத்துக்களையும் அவ்வாண்டையும் முகட்டுச் சுவரில் இன்றும் காணலாம். கபுக்கல்லால் கட்டிய சுவர்கள் ஏறத்தாழ ஐந்தடிக் கனமுடையவை. நான்கு கைகளும் சமமாய் நீண்ட சிலுவை வடிவில் அமைந்த இக்கோயில், 1757 மார்ச் மாதத்தில், தேசாதிபதி லோட்டன் காலத்திலே, வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தது. கோட்டைக்குள் இருந்த அவர்களுடைய பழைய கோயில் பாழடைந்தமையால், அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்த ஒல்லாந்தத் தேசாதிபதிகளின் எச்சங்களை 1813 இல் வுல்பெண்டாலுக்குக் கொண்டுவந்தனர். இரவு நேரத்தில், தீவட்டி வெளிச்சத்தில், ஊர்வலமாகவே அவை கொணரப்பட்டன. வென்ற ஆங்கிலேயரின் ஆட்சியிலே தோற்ற ஒல்லாந்தரின் தலைவர்களுக்கு வீதி வழிவிட்டது.

ஒல்லாந்தர் தாம் ஆண்ட காலத்தில் இத்தகைய பெருந்தன்மை காட்டினார்களா எனின், இல்லை என்றே சொல்லல் வேண்டும். கத்தோலிக்க குருமாருக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று 1658 இல் அவர்கள் கட்டளை பிறப்பித்தனர். அக்காலத்துக் கத்தோலிக்கர் இரவிலே மறைவாகக் கூடி வழிபட்டனர். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் தோற்றம் பற்றிய மரபுக்கதையும் அந்த மறைவு வாழ்க்கையிலிருந்தே பிறந்தது. ஒல்லாந்தருக்கு அஞ்சி ஒளித்துத் திரிந்த அந்தோனியோ என்னும் குருவானவரைக் கண்ட மீனவர், தம் குடியிருப்பைக் கடல் அரித்து அழிப்பதாக முறையிட்டனராம். அவர் கரையிலே சிலுவையை நாட்டி மூன்று நாட்கள் இறைவனை வேண்ட, கடல் பின்வாங்கி மணற்றிட்டு தோன்றிற்றாம். அது கண்ட அதிகாரிகள் அவரை அவ்விடத்திலேயே இருக்க விட்டனர் என்பது கதை. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், இன்று செவ்வாய்க்கிழமை தோறும் அக்கோயிலில் கூடுவோருள் இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் உளர் என்பது கண்கூடு. ஜூன் 13 ஆம் நாள் நிகழும் திருவிழாவில் அந்தோனியாரின் திருவுருவம் வீதி சுற்றும்போது, கடை வாயில்களில் நின்று வணங்குவோரைப் பார்த்து அவர் இன்ன சமயத்தார் என்று பிரித்தறிதல் இயலாது.

கத்தோலிக்கருக்கிருந்த தடைகளை 1806 இல் தேசாதிபதி மெயிற்லண்ட் நீக்கினார். அதன்பின் அவர்களின் வழிபாடு வெளிச்சத்துக்கு வந்தது. கொட்டாஞ்சேனை மேட்டிலே, 1760 அளவில் ஓலைக் கொட்டிலாய்த் தொடங்கிய புனித லூசியாள் ஆலயம், பேராலயமாக உயர்ந்தது. இன்று நாம் காணும் பெருங்கட்டடத்தின் வேலை 1873 இல் ஆயர் சில்லானி காலத்தில் ஆரம்பமாகி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறைவெய்திற்று. அதன் நிழலில் 1865 இல் புனித பெனடிக்ற் கல்லூரியும், 1869 இல் நல்லாயன் கன்னியர் மடத்துப் பாடசாலையும் தோன்றின. யாழ்ப்பாணத்தில் ஆயராயிருந்து பல பாடசாலைகளை நிறுவிய பொஞ்சீன் ஆண்டகை, 1883 இல் கொழும்புக்கு மாற்றம் பெற்று வந்தார். அவர் பெயரால் ஒரு வீதி கொட்டாஞ்சேனையிலே இருக்கிறது.

இனிச் சைவர் பக்கம் திரும்புவோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகியோரின் தந்தையாராகிய பொன்னம்பல முதலியார், 1857 அளவில் கொச்சிக்கடையிலே ஒரு சிவன் கோயிலை நிறுவினார். அதுவே பொன்னம்பலவாணேசுவரம். செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் அமைந்திருந்த அக்கோயிலை, 1907 இல் தொடங்கி முழுவதும் கருங்கல்லாலே திருப்பணி செய்வித்தவர் இராமநாதன். 1912 இல் குடமுழுக்கு நடைபெற்றது. தென்னாட்டுச் சிற்பிகளின் உளி படைத்த தூண்களும் மண்டபங்களும், கப்பல் துறைக்குக் கூப்பிடு தூரத்திலே, சுமைவண்டிகளின் இரைச்சலுக்கு நடுவே நிற்கின்றன. சிவராத்திரி இரவில் அக்கருங்கல் மண்டபத்திலே அமர்ந்திருப்போர்க்கு அது கொழும்பு என்பதே மறந்துபோகும்.

அங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள செட்டியார் தெரு, நாட்டுக்கோட்டை நகரத்தார் வாணிகம் செய்த இடம். அவர்களுடைய கதிரேசன் கோயில்களிலிருந்தே ஆடிவேல் விழா புறப்படுகிறது. வாந்திபேதி நோய் பரவும் என்று அஞ்சி, 1870 களில் அரசாங்கத்தார் கதிர்காம யாத்திரையைக் கட்டுப்படுத்தினர். கதிர்காமம் செல்ல இயலாத அடியார்கள் கொழும்பிலேயே வேல்விழா எடுத்தனர். அதுவே இவ்விழாவின் தொடக்கம் என்பர். தேரிலேறிய வேல், புறக்கோட்டையைக் கடந்து, காலிமுகத்திடல் வழியாகக் காலி வீதியிலே தெற்கு நோக்கிச் சென்று, பம்பலப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலுமுள்ள கோயில்களில் தங்கித் திரும்பும். இவ்வாறு வடக்கிலுள்ள பழைய கொழும்பையும் தெற்கிலே புதிதாய் எழுந்த கொழும்பையும் ஆண்டுக்கொருமுறை ஒரே நூலிற் கோப்பது அந்த வேல். வழியெங்கும் கரும்பும் வளையலும் விளையாட்டுப் பொருள்களும் விற்கும் கடைகள். வேல் பார்க்க வருவோருள் சிங்கள மக்கள் பெருந்தொகையினராய் இருந்தனர் என்பதைக் கொழும்பிலே வாழ்ந்த முதியோர் யாவரும் அறிவர்.

இவ்விரு கோயில்களுக்கும் அணித்தே, கொட்டாஞ்சேனை நடுவில், தீபதுத்தாராமய என்னும் பௌத்த விகாரை அமைந்திருக்கிறது. கொழும்பின் மிகப் பழைய விகாரைகளுள் அது ஒன்று. 1873 இல் பாணந்துறையில் நடைபெற்ற புகழ்பெற்ற சமய விவாதத்தில் பௌத்தர் பக்கம் நின்று வாதாடிய மிகெட்டுவத்தே குணானந்த தேரர் வாழ்ந்தது இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயம் நாட்டு அரச குடும்பத்தவரும், ஐரோப்பாவிலே அந்நாட்டின் தூதுவராய் இருந்தவருமான பிரிஸ்டாங் இளவரசர், துறவு பூண்டு இவ்விகாரையின் தலைமை பெற்றார். சீய நாட்டுப் பாணியில் அமைந்த தாதுகோபம் அவர் காலத்தின் நினைவாக நிற்கிறது.

நேயர்களே, இதுவரை கூறியவற்றைக் கேட்டு, கொட்டாஞ்சேனையிலே என்றும் அமைதியே நிலவியது என்று எண்ணிவிடலாகாது. 1883 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தீபதுத்தாராமயவில் புதிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் பெருவிழா நடந்துகொண்டிருந்தது. பல ஊர்களிலிருந்தும் காணிக்கைகளைச் சுமந்து ஊர்வலங்கள் வந்தவண்ணம் இருந்தன. அவ்விழாக்காலமும் கத்தோலிக்கரின் தவக்காலமும் ஒன்றாய் நேர்ந்தன. மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. அன்று பொறளையிலிருந்து ஒரு பெரிய ஊர்வலம் கொட்டாஞ்சேனையை நோக்கிப் புறப்பட்டது. ஊர்வலத்தார் கிறித்தவரின் திருவுருவங்களை ஏளனம் செய்யும் பொம்மைகளைத் தூக்கி வருகின்றனர் என்று ஒரு வதந்தி பரவியது. வதந்திக்குக் கால் வேண்டுவதில்லை; ஊர்வலத்திற்கு முன்னரே அது வந்து சேர்ந்துவிட்டது. ஆலய மணிகள் ஒலித்தன, தடியேந்திய கூட்டம் திரண்டது, கலகம் மூண்டது. ஓர் உயிர் மாண்டது, பலர் காயமுற்றனர்.

அரசாங்கம் விசாரணைக்குழுவொன்றை நியமித்தது. ஆயினும் குற்றம் புரிந்தோர் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர் மனம் புண்பட்டது. அவர்களுடைய முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு கேணல் ஒல்கொட் 1884 இல் இலண்டன் சென்றார். அதன் பயனாக வெசாக் பூரணை நாள் அரசாங்க விடுமுறை நாளாயிற்று. 1885 ஏப்பிரல் 28 ஆம் நாள், அவ்விடுமுறை முதன்முதலாக வந்த வெசாக் நாளில், குணானந்த தேரர் தீபதுத்தாராமயவில் பௌத்தக் கொடியை ஏற்றிவைத்தார். இன்று உலகெங்கும் பறக்கும் அக்கொடி பொதுமக்கள் முன் முதன்முதலாகப் பறந்தது கொட்டாஞ்சேனையில் என்பதை நம்மவருள் எத்துணைப் பேர் அறிவர்?

இக்கலகம் ஒரு மாணவனின் வாழ்க்கையையும் திருப்பிவிட்டது. புனித பெனடிக்ற் கல்லூரியிலும், பின்னர் அக்காலத்தில் முகத்துவாரத்திலிருந்த புனித தோமையார் கல்லூரியிலும் பயின்ற டொன் டேவிட் ஹேவாவிதாரணையை, கலகத்தின்பின் அவருடைய தந்தையார் பாடசாலையினின்றும் நிறுத்திக்கொண்டார். அவரே பிற்காலத்தில் அநகாரிக தர்மபாலர் எனப் பெயர் பெற்றவர். ஒரு நாள் ஒரு வீதி வழிவிட மறுத்தமையால் எழுந்த கசப்பு எத்தனை தலைமுறைக்கு நீண்டது என்பதைச் சரித்திரம் கற்போர் சிந்தித்தல் வேண்டும்.

அச்சிந்தனையோடு மற்றொன்றையும் சேர்த்து நினைத்தல் தகும். வெசாக் விடுமுறைக்கு அக்காலத்தில் ஆதரவு நல்கியோருள் ஒருவர், சட்டநிரூபண சபையில் தமிழரின் பிரதிநிதியாக இருந்த இராமநாதன் என்பர். தம் தந்தையார் கட்டிய சிவன் கோயிலுக்கு அயலிலுள்ள விகாரையின் பெருநாள் நாட்டின் பெருநாளாக வேண்டும் என்று ஒரு சைவர் விரும்பினார். ஒரே சுற்றாடலில், ஒரே ஆண்டுகளில், வழிமறித்தோரும் இருந்தனர், வழிவிட்டோரும் இருந்தனர். எவரை நாம் முன்னோராகக் கொள்வது என்பது நம் கையிலேயே இருக்கிறது.

துறைமுகத்திற்கு அலைதடுப்பு அணை கட்டும் வேலை 1875 இல் தொடங்கியபின், கொட்டாஞ்சேனையின் முகம் மாறிற்று. கப்பல்கள் பெருகின, தொழிலாளர் வந்து குடியேறினர், தோட்டம் சூழ்ந்த மாளிகைகளில் வாழ்ந்த செல்வர் மெல்ல மெல்லக் கறுவாத் தோட்டத்துக்கு இடம் பெயர்ந்தனர். மாளிகைகள் பலவும் கூறுபட்டுக் குடித்தன வரிசைகளாயின. கோயில்கள் மாத்திரம் இடம் பெயரவில்லை. விவேகானந்த சுவாமிகள் 1897 சனவரியில் கொழும்பில் வந்திறங்கினார். அவர் நினைவாக 1902 இல் தோன்றிய விவேகானந்த சபை, அவர் பெயர் தாங்கிய மேட்டிலே இன்றும் இயங்குகிறது. அச்சபை நடத்தும் சைவசமயப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர் இந்நாட்டின் எல்லா மாகாணங்களிலும் உளர்.

தெற்கே வெள்ளவத்தையின் கதை சிறிது வேறு. அங்கு நெடுங்காலம் ஊரின் அடையாளமாய் விளங்கிய நூல்நூற்பு நெசவாலை இன்றில்லை. அதன் நிலத்திலே மாடி வீடுகள் வானளாவ நிற்கின்றன. ஆலைச் சங்கொலியின்படி எழுந்து உறங்கிய ஒரு தொழிலாளர் சமுதாயம் அங்கு வாழ்ந்தது என்பதைப் புதிதாய்க் குடிவந்தோர் அறியார். மாறாக, 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச்சங்கம் வெள்ளவத்தையிலே நூலகமும் மண்டபமுமாய் நிலைத்திருக்கிறது. ஆலைக்கு வருவோர் நின்றனர், ஆலை மறைந்தது. சங்கத்துக்கு வருவோர் நிற்கவில்லை; சங்கம் இருக்கிறது.

நம்மவர் பலர் குடியேறிய கனடா நாட்டிலே, மானிடோபா மாகாணத்துப் புல்வெளியில், இங்கிலிஸ் என்றொரு சிற்றூர் உண்டு. இருப்புப்பாதை ஓரமாக வரிசையாய் நிற்கும் மரத்தாலான தானியக் களஞ்சியக் கோபுரங்கள் அவ்வூரின் பெருமை. இரயில் நின்றது, தானியம் வருவதும் நின்றது. ஆயினும் ஊரார் அக்கோபுரங்களை இடிக்க விடாது காப்பாற்றினர். இன்று அவை தேசிய வரலாற்றுச் சின்னம். நூறாண்டும் நிரம்பாத மரக்கட்டடத்தை அவர்கள் காத்தது போற்றற்குரியது. எனினும் அங்கே எஞ்சியிருப்பது காட்சிப்பொருள். அதற்குரிய வேலை போய்விட்டது. இருநூற்றறுபது ஆண்டு கடந்த நம் வுல்பெண்டாலிலோ இன்றும் ஞாயிறு வழிபாடு நடைபெறுகிறது. சிவன் கோயிலில் ஆறுகால மணி ஒலிக்கிறது. விகாரையிலே பிரித் ஓதப்படுகிறது. நம்மிடம் இருப்பது வேலை செய்யும் மரபு. அதனைக் காப்பதற்குச் சுவருக்குச் சாந்து பூசினால் மாத்திரம் போதாது. அங்கு வருவோர் அஞ்சாது வந்து போகவும் வேண்டும்.

அச்சம் வந்த காலங்களும் உண்டு. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் கொழும்புத் தமிழர் வீடிழந்தனர், கடையிழந்தனர், உயிரிழந்தனர். வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் அத்துயரைக் கண்டன. அதன்பின் சில ஆண்டுகள் வேல் வீதிக்கு வரவில்லை. அக்காலத்தில் கோயில் இருந்தது, தேர் இருந்தது, வீதியும் இருந்தது, வழி மாத்திரம் இல்லை. பின்னர் வேல் மீண்டும் புறப்பட்ட நாளில், காலி வீதியின் இரு மருங்கிலும் நின்று கண்ணீர் மல்கக் கைகூப்பியோர்க்கு அதன் பொருள் நன்கு விளங்கியிருக்கும்.

2019 ஏப்பிரல் 21, மற்றுமோர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலே பூசை நடந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களிலும் நிகழ்ந்த தாக்குதல்களில் மாண்டோர் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர். 1883 இல் மணியோசை கேட்டு அயலார்மீது பாய்ந்த கூட்டம் ஒன்றிருந்தது. 2019 இல் பூட்டிய கோயில் வாயிலின் முன்னே பல சமயத்தாரும் வந்து மெழுகுதிரி ஏற்றி நின்றனர். கோயில் ஐம்பத்திரண்டே நாட்களில், தன் திருவிழாவுக்கு முன்னாள், ஜூன் 12 ஆம் நாள் மீளத் திறந்தது. இடிந்த சுவரைக் கடற்படையினர் கட்டித் தந்தனர். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்ததோ அயலாரின் காலடிகளே.

இன்று கொட்டாஞ்சேனையைச் சுற்றி உயர்ந்த மாடிகள் எழுகின்றன. நிலத்தின் விலை ஏறுகின்றது. பழைய குடும்பங்கள் வெளியேறுகின்றன. கட்டடங்களைக் காக்கத் தொல்பொருட் சட்டம் உண்டு. விழா வரும்போது வண்டியை ஓரமாக நிறுத்தும் பழக்கத்தையும், அயல்வீட்டுப் பெருநாளைத் தன் நாட்காட்டியிலே குறித்துவைக்கும் பழக்கத்தையும் காக்கச் சட்டம் இல்லை. கல்வியே அதனைக் காக்க வல்லது. வுல்பெண்டாலிலே தொடங்கி, சிவன் கோயில், அந்தோனியார் கோயில், லூசியாள் பேராலயம், தீபதுத்தாராமய என்று ஒரு காலைப்பொழுதிலேயே நடந்து முடித்துவிடலாம். கொழும்புப் பாடசாலை ஒவ்வொன்றும் தன் மாணவரை ஆண்டுக்கொருமுறை அவ்வழியே அழைத்துச் செல்லல் வேண்டும். ஒவ்வோரிடத்திலும் பிள்ளைகள் இரு கேள்விகள் கேட்கட்டும்: இதனைக் கட்டியவர் யார்? இங்கிருந்து விழா புறப்படும்போது வழிவிடுவோர் யார்? முதற் கேள்விக்கு விடை கல்வெட்டிலே கிடைக்கும். இரண்டாவதற்கு விடை, எதிரேயுள்ள கடைவாயிலில் நிற்போரிடம் கிடைக்கும்.